தானியத்தில் தொடங்கும் பியர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வரியில்லாமல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச வழிவிட்டது. இன்று அந்த நாடுகளில் இது பரவலான பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம். ஆகவே கீழே சொல்வதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு.

பெரும்பாலோர் டப்பாவில் வரும் மால்ட் பாகில் தொடங்குவார்கள். பிறகு ஒருநாள் பாகை விட்டுவிட்டு நேரடியாகத் தானியத்துக்கு வருவார்கள். வந்ததும் கவலை முழுக்கத் தானியத்தின் மேல் குவிந்துவிடும். உண்மையில் தானியத்தில் நேரும் பிழை பெரும்பாலும் பியரை இளைக்க வைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, ஆறிய சாற்றில் நேரும் பிழைதான் பியரைக் கொட்ட வைக்கும்.

முதலில் தானியம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும் இதே வேலைதான்: முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் உருவாகின்றன. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால் அந்த என்சைம்கள் வேலையை முடித்துவிடும். சூடு சற்றுக் குறைந்தால் பியர் லேசாக, இனிப்பின்றி வரும். சற்றுக் கூடினால் கனமாக, இனிப்பு மிஞ்சி வரும். இரண்டையும் குடிக்கலாம்.

இங்கே நடக்கும் முதல் பிழை, 66 டிகிரி வேண்டும் என்று தண்ணீரை 66 டிகிரிக்குச் சுடவைப்பது. தானியம் அறைச்சூட்டில் இருப்பதால் கலந்ததும் 60க்கு அருகே இறங்கிவிடும். கிலோவுக்கு 3 லிட்டர் கணக்கில் ஊற்றுவதானால் தண்ணீர் 72 டிகிரி இருக்க வேண்டும். இறங்கிவிட்டதே என்று பதறிக் கொதிநீரை மொத்தமாகக் கொட்டுவது அடுத்த பிழை. 75ஐத் தாண்டினால் என்சைம்கள் சிதைந்துவிடும். அவை திரும்பி வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். அதற்கும் முன்னால் தெர்மோமீட்டரை நம்பலாமா என்று பாருங்கள். உருகும் பனிக்கட்டியில் 0 காட்டாத கருவி 66இல் மட்டும் எப்படிச் சரியாகக் காட்டும்?

மால்ட்டை மிக்ஸியில் போட்டு மாவாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. உமி முழுசாக இருந்தால்தான் அதுவே வடிகட்டியாகிச் சாறு இறங்கும். மாவானால் பாத்திரம் அடைத்துக்கொள்ளும். கடையிலேயே உடைத்து வாங்கிவிடுவது உத்தமம். ஆஸ்திரேலியர்கள் பரப்பிய துணிப்பை முறையில், தானியத்தைப் பைக்குள் போட்டு ஊறவைத்து அப்படியே தூக்கிவிடலாம். அடைப்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புதியவருக்கு நான் சொல்வது இதையே. அதுவும் 20 லிட்டர் வேண்டாம், 4 லிட்டரில் தொடங்குங்கள். ஒரு கிலோ மால்ட் போதும், அடுப்பங்கரைப் பாத்திரமே போதும்.

வடித்த சாற்றின் அடர்த்தியைச் சூடாக இருக்கும்போதே ஹைட்ரோமீட்டரால் அளந்துவிட்டு, சர்க்கரை குறைவு என்று வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு செய்யப்பட்டவை. சூட்டில் குறைத்தே காட்டும். ஆறவைத்து அளந்து பாருங்கள்.

வடித்த சாறு கொதிக்கும்போது மூடி போடாதீர்கள். மூடினால் பொங்கி அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும் என்பது ஒரு காரணம். ஆவியோடு போகவேண்டிய ஒரு கந்தகச் சேர்மம் தங்கிவிட்டால் பியரில் வெந்த மக்காச்சோள வாடை வரும் என்பது பெரிய காரணம். குழாய்த் தண்ணீரின் குளோரினையும் மறக்கக்கூடாது. அது இருந்தால் மருந்து வாடை அடிக்கும். குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் அரை, 40 லிட்டர் தண்ணீருக்குப் போதும்.

அடுப்பை அணைத்ததும் நிலைமை மாறுகிறது. அதுவரை கொதி, கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தது. இனி சாற்றைத் தொடும் குழாய், கரண்டி, மூடி, வாளி எல்லாமே கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு. முதலாவது அழுக்கைப் போக்கும். அழுக்குப் போன பிறகுதான் இரண்டாவது பலிக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியில் இரண்டுமே சரியாக நடக்காது, புதிது வாங்குங்கள்.

அடுத்தது ஈஸ்ட். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டைத் தனி இனமாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதனால்தான் இன்று நமக்குக் கலப்பில்லாத ஈஸ்ட் பொட்டலத்தில் கிடைக்கிறது. அவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்ததை 35 டிகிரி சாற்றில் தூவுவது அநியாயம். ஏல் வகை பியருக்கு 18 முதல் 20 டிகிரி சரி. அறையில் அந்தச் சூடு இருந்தால் போதாது. நொதிக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பம் உண்டாக்கும், வாளிக்குள் மூன்று நான்கு டிகிரி ஏறும். முதல் மூன்று நாள் இந்தச் சூடு எல்லை மீறினால் நகப்பூச்சு நீக்கியின் நெடியும் சாராயக் காரமும் வந்து சேரும், பிறகு எதுவும் அதை எடுக்காது. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துண்டு சுற்றுங்கள். செலவில்லாத வைத்தியம். கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் வகைகளைப் பற்றி விவாதிப்பவர்களில் பலர் இந்த ஒரு துண்டைச் சுற்றுவதில்லை.

வாளி மூடியில் வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்பதும் தப்பு. மூடி ஓரத்தில் காற்றுக் கசிந்தாலும் குமிழி வராது. முடிந்த பிறகும் சூடேறினால் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் மட்டுமே சாட்சி. 1.050இல் தொடங்கியது 1.010 அருகே வந்து நிற்பது வழக்கம். இடையில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், பாட்டிலில் ஊற்றும்போது சலசலக்கவும் வேண்டாம். நொதித்து முடிந்த பியருக்குக் காற்று பகை. ஈரஅட்டை வாடை கொடுக்கும்.

அவசரத்தில் பாட்டிலில் அடைப்பதுதான் உடம்புக்கே ஆபத்தான பிழை. மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்தால் வாயு பெருகி கண்ணாடி வெடிக்கும். மூன்று நாள் தொடர்ந்து அளவு மாறாமல் இருந்தால் மட்டும் அடையுங்கள்; நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் போதும், கரண்டியில் குத்துமதிப்பாகப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மூடிய வாளியில் பியர் அதற்குள் கெட்டுவிடாது.