வருமுன் காத்தல்

ஆகாய விமானத்தில் அபாயம் நேர்ந்தபின் ஆலோசிக்க அவகாசமில்லை. ஆதலின் ஆயத்தம் முன்னரே அமைதல் வேண்டும். 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், முன்னர்ச் செப்பனிட்டதிற் பிழையிருந்தமையால், ஜப்பானிய விமானமொன்று மலையில் வீழ்ந்து 520 பேர் மாண்டனர். அவ்விமானக் கம்பெனியார் 2006-இல் அதன் சிதைவுகளை ஹானெடாவில் காட்சிக்கு வைத்துத் தம் ஊழியர்க்குப் பாடமாக்கினர்.

2024 ஜனவரி 2-ஆம் நாள் அதே ஹானெடாவில் அவர்தம் விமானம், கடற்காவற்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரியதில் அறிவிப்புக் கருவியும் பழுதுற்றது. பணியாளரோ கலங்காது, எட்டு வாயில்களுள் தீயணுகாத மூன்றையே ஆராய்ந்து திறந்து, மூட்டைகளை விட்டிறங்குமாறு கூவி வழிகாட்டினர்; 379 பேரும் பிழைத்தனர். ஆண்டுதோறும் பழகிய பயிற்சியும் பிரயாணிகளின் ஒழுங்குமே அன்று கைகொடுத்தன.

பிறர் உயிர்க்குப் பொறுப்பேற்பார், பழைய பிழையை மறவாதிருத்தலும் கடமையன்றோ?