வடகரைத் துறைகள் - 11: சுவருக்குப் பின்னால் இருக்கும் ஊர்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊர்காவற்றுறைக்கு வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நேரே கணக்குக்கு வந்துவிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் பதிப்பித்து ஆராய்ந்து எழுதியதிலிருந்து, வடபகுதிக் கடல் வணிகத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போவதில்லை.

துறையை நடத்த நினைக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் அந்தக் கல்லில் அப்படியே இருக்கின்றன. யார் வருவார்கள்? எதை ஏற்றிக்கொண்டு வருவார்கள்? கடல் கைவிட்டால் நட்டம் யாருடையது? காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்கும் பேச்சு தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அலைதடுப்புச் சுவரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இந்தக் கேள்விகளுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை.

யாழ் குடாநாட்டின் வடவிளிம்பில், பாக்குநீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது காங்கேசன்துறை. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நாகபட்டினமோ கடல்வழியே 60 கடல்மைல், அதாவது 110 கிலோமீற்றர்தான். கயாத்துறை என்ற பழைய பெயர் மாறியதற்கு ஊரவர் சொல்லும் கதையும் கடல் தாண்டி வந்ததுதான். கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லி மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பினாள். அதற்கான காங்கேயன் விக்கிரகம் இந்தத் துறையில் வந்திறங்கியது. ஐதீகம்தான். ஆனாலும் எதிர்க்கரையை அயல்வீடுபோல் எண்ணிய ஒரு சமூகத்தின் மனப்பதிவு அதில் இருக்கிறது.

1902இல் யாழ்ப்பாணத்தில் இருந்து ரயில் இங்கே வந்தது. 1905இல் அந்தப் பாதை தெற்கோடு இணைந்தபோது, நாட்டின் வடக்கு ரயில்பாதையின் கடைசி நிலையமாகக் காங்கேசன்துறை ஆனது. அதற்கு முன்னரே, 1893இல், வெளிச்சவீடு எழுந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழில் அமைச்சரான ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1950இல் உற்பத்தி தொடங்கியது. குடாநாட்டின் அடிநிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கல் காலடியில், துறைமுகம் பக்கத்தில், ரயில் வாசலில். ஒரு தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அபூர்வம். கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் கிடக்கின்றன.

1990 ஜூனில் எல்லாம் நின்றது. ரயில் வரவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டது. காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்குப் பிரதேச மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. துறைமுகம் மட்டும் ஓயவில்லை. தரைவழி அடைபட்ட காலமெல்லாம் திருகோணமலையில் இருந்து படையினரும் பொருட்களும் வந்திறங்கிய வாசல் அதுதான். 2006இல் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர் பொதுமக்களும் கப்பலேறி இதே துறையால் போய்வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்குக் காங்கேசன்துறை என்றால் அனுமதிப் பத்திரமும் காத்திருப்பும்தான் நினைவுக்கு வரும். ஒரு துறையைத் திரும்பவும் மக்களுடையதாக்க நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

போர் முடிந்தபின் வந்த சீரமைப்புத் திட்டம் தொழில்நுட்ப அளவில் ஒழுங்காகத்தான் வகுக்கப்பட்டது. 2011இல் இந்திய உதவியோடு ஆறு கட்டங்களாக வேலை செய்வதென்று இணக்கம் ஏற்பட்டது: கடலடி அளவை, மூழ்கிய கப்பல்களை அகற்றல், தூர்வாருதல், அலைதடுப்புச் சுவரைத் திருத்தல், இறங்குதுறையைத் திருத்தல், அதன்பிறகு புதிய துறைமுக வசதிகள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அடியில் சிதைந்த கப்பல் கிடக்கும்வரை வேறு எந்தக் கப்பலும் நம்பி உள்ளே வராது. அலைதடுப்புச் சுவர் உடைந்து கிடந்தால் தூர்வாரிய இடத்தைக் கடல் மறுபடியும் மணலால் நிரப்பிவிடும். இறங்குதுறை மேடையின் கொங்கிறீற்றுக்குள் உப்புநீர் புகுந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கும், கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கும். மேலே வெள்ளை பூசி மறைக்கக்கூடிய நோய் இல்லை அது. புதுச்சேரியில் கண்முன்னே நடந்ததுதானே. பிரெஞ்சுக்காரர் போட்ட இரும்புத் துறைப்பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. பிறகு கட்டிய பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் சரிந்தது.

மூழ்கிய கப்பல்களை அகற்றும் வேலை 2012 தொடக்கத்தில் முடிந்தது. அதன்பிறகு காலம்தான் ஓடியது. 2018 ஜனவரியில் இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு 45.27 மில்லியன் டொலர் கடன் உடன்படிக்கை கையெழுத்தானது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்டமுடியாமல் நிறுத்தியது. 2024இல் நிலைமை மாறியது: மொத்தச் செலவான 61.5 மில்லியன் டொலரையும் மானியமாகவே தர இந்தியா முன்வந்ததை இலங்கை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கையும் இந்தத் துறைமுகத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது.

கடன் மானியமாக மாறியது பெரிய விடுதலை. வட்டி கட்ட வேண்டியதில்லை, தவணைக்காகத் துறையை யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மானியத்துக்கு ஓர் ஆபத்தான குணம் உண்டு. கட்டுவதற்குப் பணம் தரும், நடத்துவதற்குத் தராது.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரத்தவரைக் கேட்டால் இதை வலியோடு சொல்வார்கள். அங்கிருந்த விக்டோரியா காலத்துக் கடற்பாலம் 2010 அக்டோபரில் தீயில் பெரும்பகுதி அழிந்தது. ஊர்மக்கள் விடவில்லை. பங்குகள் வாங்கினார்கள், பாரம்பரிய நிதியத்தின் பணத்தையும் பெற்றார்கள், பாலத்தைத் தங்கள் சொத்தாகவே மீட்டெடுத்தார்கள். 2016 ஏப்ரலில் திறந்தார்கள். கண்ணைக் கவரும் கூடாரங்களை நிரப்பாமல் மேடையை வெட்டவெளியாகவே விட்ட அந்த வடிவமைப்புக்கு 2017இல் பிரித்தானியாவின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்த ஒரு மாதத்துக்குள், அதே ஆண்டு நவம்பரில், பாலத்தை நடத்திய அறக்கட்டளை நிதி நெருக்கடியில் நிர்வாகியின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ஒரு தனியார் ஹோட்டல் உரிமையாளருக்குப் பாலம் விற்கப்பட்டது. கட்டியதில் பிழை இல்லை. வருடா வருடம் வரும் பராமரிப்புச் செலவையும் ஆள் வராத குளிர்மாதங்களையும் தாங்குமளவுக்கு வருமானம் இருக்கவில்லை.

காங்கேசன்துறைக்கும் ஆள் வராத மாதங்கள் உண்டு. நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14இல் ஆரவாரத்தோடு தொடங்கியது. 150 பேர் செல்லக்கூடிய ‘செரியபாணி’ அன்று வந்து சேர்ந்தது. அக்டோபர் 20உடன் சேவை நின்றது. காரணத்தைக் கரையில் நிற்கிற எந்தக் கடற்றொழிலாளியும் சொல்லியிருப்பார்: வாடை தொடங்கப் போகிறது. 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கி, மாரியில் மறுபடி நின்று, 2025 பெப்ரவரி 22இல் திரும்பவும் ஓடியது. சேவையைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆண்டுக்கு 300 மில்லியன் இலங்கை ரூபாய்க்கு மேல் இந்தியா கொடுப்பதாக அறிவிக்கப்பட்டது. கப்பல் தன் காலில் இன்னும் நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வருகிறது. காங்கேசன்துறைக் கரை வடக்கைப் பார்த்து நிற்கிறது. அலைதடுப்புச் சுவரை எத்தனை உயரத்துக்குக் கட்டினாலும் அது துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பலைத்தான் காக்கும். நீரிணையின் நடுவில் போகிற சிறிய கப்பலைக் காக்காது. ஆகவே திட்டம் போடுகிறவர்கள் முதலில் நாட்காட்டியை மேசையில் விரிக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலமும் கீரிமலையில் ஆடி அமாவாசையும் கப்பலுக்கு வாய்ப்பான மாதங்களில் வருகின்றன. புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் டிசம்பர் விடுமுறை, கப்பல் ஓடமுடியாத மாரியில் வருகிறது. அந்தக் கூட்டம் பலாலி விமான நிலையத்தைத்தான் நாடும். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி, துறைமுகத்துக்கு மிக அருகில். சென்னையில் இருந்து பறந்துவருகிறவரைக் கட்டணத்தால் மட்டும் கப்பலுக்கு இழுக்கமுடியாது. மூட்டை முடிச்சோடு வரும் சிறு வியாபாரிக்கும், குடும்பத்தோடு சிதம்பரம், வேளாங்கண்ணி, நாகூர் போகிற யாத்திரிகருக்கும்தான் கப்பல் உண்மையில் தேவை. அவர்களுக்கு வேண்டியது நிழல், கழிப்பறை, விரைவாக முடியும் சுங்கமும் குடிவரவும், வாசலில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பேருந்து. 2015 ஜனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்துவிட்டது. கப்பல் நேரத்தையும் ரயில் நேரத்தையும் பொருத்திவிடுவதற்கு ஒரு டொலரும் செலவாகாது.

2023 ஜூனில் சென்னையில் இருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் வந்ததும், அதையொட்டிப் பயணிகள் முனையம் திறக்கப்பட்டதும் நல்ல தொடக்கங்கள்தான். ஆனால் உல்லாசக் கப்பலில் வருகிறவர் சில மணிநேரம் நின்று போய்விடுவார். அந்த நேரத்துக்குள் அவர் செலவழிக்கும் பணம் யாருடைய கைக்குப் போகிறது?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, பின்னாளில் சிறைச்சாலையாக இருந்தது. இன்று கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது. பயன்பாட்டில் இருப்பதால் கோட்டை கவனிப்பாரற்றுச் சிதையவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காங்கேசன்துறையிலேயே இராணுவம் நடத்தும் ‘தல் செவன’ விடுதியும் அழகான கடற்கரையில் இருக்கிறது. ஆனால் காணியை விட்டு ஓடி, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபது முப்பது வருடம் கழித்தவர்கள், தங்கள் கரையில் வேறு யாரோ தேநீர் விற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த வகையிலும் நியாயம் அல்ல. துறைமுகத்தைச் சுற்றி வணிகம் வரும்போது கடைகளும் விடுதிகளும் வாகன நிறுத்துமிடமும் வலிகாமம் வடக்கு மக்களுக்கு முதலில் கிடைக்கவேண்டும். அதைப் பிரதேச சபையின் குத்தகை விதியில் எழுதிவைக்கவேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

கிழக்கே ஒட்டியிருக்கிற மயிலிட்டியையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 1990க்கு முன்னர் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று அது. 2017இல் மக்களிடம் திரும்பி வந்தது, 2019இல் புதுப்பித்த துறைமுகம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இருந்து எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இழுவைமடிப் படகுகள் அங்கேயே கட்டப்பட்டு, உள்ளூர்ப் படகுகளுக்கு இடமில்லாமல் செய்திருப்பதாகக் கடற்றொழிலாளர்கள் முறையிட்டு வருகிறார்கள். ஒரு துறையில் இந்தியப் பயணிகளை மாலையிட்டு வரவேற்பதும், அடுத்த துறையில் இந்தியப் படகுகள் துருப்பிடிப்பதும் ஒரே கடற்கரையில் நடக்கின்றன. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது; கடலில் பிரச்சினை தீரவில்லை. வலையை இழந்து நிற்கிறவரிடம் போய்த் துறைமுகம் உனக்கு நன்மை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. திட்டக்குழுவில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இடம் வேண்டும். மீனைக் குளிரூட்டி வைக்கும் களஞ்சியமும் ஐஸ் ஆலையும் பயணிகள் கப்பல் நிற்கும் மாதங்களிலும் துறைக்கு வருமானம் தரக்கூடியவை. அவற்றை ஆறாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

கிழக்கே இன்னும் சில கிலோமீற்றர் போனால் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அத்திலாந்திக் தாண்டி ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தார்கள். காங்கேசன்துறை முனையத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ள ஒரு கூடம் இருந்தால் என்ன? பழைய சீமெந்துத் தொழிற்சாலையில் ஒரு பகுதியை இடிக்காமல் அதற்கென்று ஒதுக்கலாம். அந்தத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத இன்னும் சில வருடங்களே மிஞ்சியிருக்கின்றன.

இவற்றில் எதுவும் 61.5 மில்லியனைக் கூட்டச் சொல்லவில்லை. அலைதடுப்புச் சுவரின் முதற்கல் விழுவதற்கு முன்னரே மூன்று கடதாசிகள் தயாராகவேண்டும்: மாரி மாதங்களுக்கான வரவு செலவு, கடைகளின் குத்தகை விதி, மக்களுக்கு இன்னும் திரும்பாத காணிகளின் பட்டியலும் அவற்றை விடுவிக்கும் திகதிகளும். துறைமுக அதிகார சபை இவற்றைத் தமிழில் அச்சிட்டுத் தெல்லிப்பழையில் மக்கள் முன்னே வைக்கட்டும். கேள்வி கேட்க ஆட்கள் வருவார்கள்.

அடுத்த வாரம் குறிகட்டுவான்: நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் நாள்தோறும் படகேறும் இறங்குதுறை.

(தொடரும்)