மலையேறும் பழைய காரும் பெற்றோற் செலவும்

தோட்டத்து லயத்திலே நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. அல்லது ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டுவிடுகிறது. தோட்டத்து வண்டி கிடைக்காத வேளையில், பக்கத்துப் பட்டணத்திலிருந்து வாடகைக் கார் ஒன்றைத்தான் அழைத்தாக வேண்டும். அந்தக் கார் குடிக்கும் பெற்றோலுக்கு விலை கொடுப்பவர் கார்க்காரர் அல்லர், நோயாளியின் வீட்டாரே. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 300 ரூபாயைக் கடந்து நின்றது. வீணாகும் 2 லீற்றர் ஏறத்தாழ அரைநாள் உழைப்பை விழுங்கிவிடும் என்றால், பழைய காரின் வயிற்றுப்பசி கார் வைத்திருப்போரின் கவலை மட்டுமன்று என்பது விளங்கும்.

பழைய கார்களை விட்டொழித்துப் புதியன வாங்கினாலென்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் அது எளிதாக இருந்ததில்லை. 1960களில் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி 1977ஆம் ஆண்டிலேதான் தாராளமாயிற்று. மீண்டும் 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே திறந்துவிடப்பட்டது. ஆகவே, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொரிஸ் மைனர் போன்ற முதிய கார்களும் இன்றுவரை நம் வீதிகளில் ஓடுகின்றன. 2022 ஜூலையில் எரிபொருள் அட்டை வந்து, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டபோது, ஒவ்வொரு துளியின் அருமையையும் நாம் கண்கூடாகக் கண்டோம்.

மலை கேட்கும் வரி

கார் அதிகமாகக் குடித்தால் உடனே அதன் வயதின்மீது பழி போடுகிறோம். முதலில் மலையின் பங்கைக் கணக்கிடுவோம். நால்வர் அமர்ந்த மொரிஸ் மைனர் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு அது ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 1,400 மீற்றர். பெற்றோலிலுள்ள சக்தியில் பழைய இயந்திரம் ஐந்தில் ஒரு பங்கையே சக்கரத்திற்குக் கொடுக்கிறது என்று கொண்டால், அந்தப் பாரத்தை மேலே தூக்குவதற்கு மாத்திரம் 2 லீற்றருக்குச் சற்று மேலாகச் செலவாகும். வீதியில் ஓடும் செலவு இதற்குப் புறம்பானது. புதிய காரானாலும் இந்த வரியைச் செலுத்தியே தீரவேண்டும்.

வள்ளுவர், மயிற்பீலியே யாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். மலைப்பாதையில் அச்சு முறியுமுன்னே பணப்பை மெலிந்துவிடும். வேண்டாத சுமையை இறக்கிவிடுவதே முதற் சிக்கனம்.

மெல்லிய காற்று

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இயந்திரத்தின் வலிமையும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்துவிடுகிறது. பழைய காபரேற்றரோ காற்று மெலிந்ததை முற்றாக அறியாது. கொழும்பில் திருத்தி அனுப்பிய அளவிலேயே அது பெற்றோலை விட்டுக்கொண்டிருக்க, காற்றோடு சேரும் பெற்றோலின் விகிதம் ஏறத்தாழப் பத்து வீதம் மிஞ்சிவிடுகிறது. மிஞ்சியது எரியாமற் கரும்புகையாய்ப் போகிறது.

இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. சிறிது தூரம் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். இளம் பழுப்பு நிறமாயின் அளவு சரி. வெளிறியிருந்தால் பெற்றோல் போதாது. மொரிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில், அடியிலுள்ள ஆறுமுக நட்டை மேல்நோக்கித் திருகினால் பெற்றோல் குறையும். ஒவ்வொரு முகமாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும். ஆனால், மலைக்கெனக் குறைத்த அளவோடு கொழும்புக்கு இறங்கி நெடுநாள் ஓட்டினால் வால்வுகள் கருகக்கூடும். கார் எங்கே அதிகம் ஓடுகிறதோ அந்த உயரத்திற்கே திருத்துவது நன்று.

கவனிக்க வேண்டிய பிற

குளிர்ப் பிரதேசமான நுவரெலியாவில் சிலர் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அதனால் இயந்திரம் சரியான சூட்டை அடையாமல், சோக்கின் துணையோடு பெற்றோலைக் குடித்துக்கொண்டே ஓடும். காற்று வடிகட்டியின் அழுக்கு, காற்றிறங்கிய ரயர், விடாமற் பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக் ஆகியவையும் இரகசியத் திருடர்களே. ஓட்டம் முடிந்தபின் சக்கரத்தின் நடுவே கையை அருகிற் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மாத்திரம் சுட்டால் அங்கே திருடன் இருக்கிறான். ஈயங் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டதால், பழைய இயந்திரங்களின் வால்வு இடைவெளியையும் காலந்தோறும் சரிபார்த்தல் அவசியம். 95 ரகப் பெற்றோல் ஊற்றினால் வலிமை கூடும் என்ற நம்பிக்கை இத்தகைய கார்களுக்குப் பொருந்தாது. 92 ரகமே போதுமானது.

செலவை அளப்பதிலும் முறை வேண்டும். தாங்கியை நிரப்பி, ஏற்றமும் இறக்கமுமாகப் போய்த் திரும்பி, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்புங்கள். 240 கிலோமீற்றருக்கு 24 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்க. ஏற்றத்தை மட்டும் அளந்து வருந்துவதும், இறக்கத்தை மட்டும் அளந்து மகிழ்வதும் வீண்.

இறக்கத்திலே எச்சரிக்கை

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. இறம்பொடை, கினிகத்தேனை போன்ற நீண்ட இறக்கங்களில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அவ்வேளையில் காரின் முழுப் பாரத்தையும் பிறேக் ஒன்றே தாங்குகிறது. பிறேக் சூடேறச் சூடேற அதன் பிடி தளர்கிறது. எண்ணெயிலே ஈரம் கலந்திருந்தால் அது கொதித்து, மிதித்த கால் வெறுமையில் இறங்கும். பழைய காரில் இதனால் மிஞ்சும் பெற்றோல் சொற்பமே. புதுமுறைக் காரிலோ, கியரில் இறங்கும்போது பெற்றோல் தானாகவே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் செலவாகிறது. ஆகவே, எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பொருளுக்கும் உயிருக்கும் காப்பாகும்.

பெற்றோலை ஏற்றத்திலே, கராஜில் செய்த திருத்தத்தால் மிச்சம் பிடிப்போம். இறக்கத்திலே மிச்சம் பிடிக்க வேண்டியது பெற்றோலையன்று. பின்னாசனத்தில் நோயோடு படுத்திருக்கும் உயிரையே.