தனுஷ்கோடி ரயில் நிலையம்: ஒரு மாணவி கேட்ட கேள்வி

பேரிடர் மேலாண்மைப் பாடம் வரும்போதெல்லாம் தனுஷ்கோடி ரயிலின் கதையைச் சொல்வது என் வழக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள அரசுப் பள்ளியில் பல ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பாடப்புத்தகத்தின் வரையறைகளைவிடப் பக்கத்து ஊரில் நடந்தது பிள்ளைகள் மனத்தில் நன்றாகப் பதியும் என்பது என் எண்ணம். புயல் இரவு, இருட்டு, எரியாத சிக்னல், காத்திருந்து பார்த்துவிட்டு விசில் ஊதிக்கொண்டு ரயிலை நகர்த்திய ஓட்டுநர், எழுந்து வந்த அலை என்று சொல்லி முடிக்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும். அந்த அமைதியை என் கற்பித்தலின் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், அந்த ரயில்ல போன யாருமே பிழைக்கலன்னு சொன்னீங்க. அப்ப விசில் ஊதினத யாரு வந்து சொன்னா?"

என்னிடம் பதில் இல்லை. "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்" என்று சமாளித்தேன். அந்த 'நாளை' ஏறக்குறைய ஒரு மாத வேலையாக வளர்ந்தது. அதில் நாங்கள் கற்றதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு ரயில் வந்த கதை

தமிழகத்திலிருந்து இலங்கைக்குச் செல்வோர் முன்பு தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்பு போனார்கள். கடல் பயணம் நீண்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலோ சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ரயிலைத் தீவின் முனைவரை கொண்டுபோய்விட்டால் கப்பல் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும். தடையாக இருந்தது மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கால்வாய்.

அந்தக் கால்வாயின் மீது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். அதைத் தொழிலாளர்கள் கையாலேயே இயக்கினார்கள். பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றன.

சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' தனுஷ்கோடியின் துறைமேடை வரை வந்தது. பயணிகள் இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் பல ஆண்டுகள் இந்தப் பாதையில் ஓடின. தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். ஒரே பயணச்சீட்டில் சென்னையிலிருந்து கொழும்பு வரை போய்விடலாம் என்று சொன்னபோது என் மாணவர்கள் நம்பவில்லை.

ரயில் வந்ததும் மீனவக் கிராமம் சிறு நகரமாயிற்று. சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், துறைமுக அலுவலகம், பள்ளி, தேவாலயம், மருத்துவமனை, ரயில்வே ஊழியர் குடியிருப்பு எல்லாம் அந்த மணல் திட்டில் எழுந்தன.

இந்த வழியாகப் போனவர்கள் யார் என்ற கேள்வியும் முக்கியம். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற நம் மக்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகு இப்பாதையில் அனுப்பப்பட்டார்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. அவர்கள் வந்திறங்கியிருக்க வேண்டிய நிலையம், ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதங்களுக்குள் இல்லாமல் போனது. தாயகம் திரும்பியோர் பின்னர் ராமேஸ்வரம் வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு சிறு ரயில் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு போனால் புலம்பெயர்வு, குடியுரிமை, பன்னாட்டு ஒப்பந்தம் என்று எத்தனை பாடங்களுக்குள் நுழைய முடிகிறது பாருங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு

அந்தமான் கடல் பகுதியில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுத்து, இலங்கையின் வவுனியா பகுதியைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அது நிலையத்தைச் சென்றடையவில்லை. அதில் இருந்த நூறு பேருக்கு மேற்பட்டோரும் இறந்தார்கள். தந்தித் தொடர்பு அறுந்து, பாலமும் உடைந்துபோனதால் முழுச் செய்தி வெளியுலகுக்கு எட்டவே நாள்களாயின. பின்னர், மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்தேன்: 'பதிவு', 'ஊகம்', 'வாய்மொழி'. நான் சொன்ன கதையை ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து, எது எந்தப் பத்தியில் சேரும் என்று மாணவர்களையே முடிவு செய்யச் சொன்னேன்.

ரயிலின் எண், புறப்பட்ட நேரம், பெட்டிகள் கண்டெடுக்கப்பட்ட இடம் ஆகியவை 'பதிவு' பத்திக்குப் போயின. தனுஷ்கோடிக்குச் சற்றுத் தொலைவில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றிருக்க வேண்டும் என்பது 'ஊகம்' ஆனது. ஓட்டுநர் காத்திருந்து, நீண்ட விசில் ஊதிவிட்டுத் துணிந்து நகர்ந்தார் என்பது எங்கே? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கடைசியில், பலர் எழுதியிருப்பதாலேயே ஒன்று பதிவாகிவிடாது, நேரில் கண்டவரோ கேட்டவரோ வேண்டும் என்று மாணவர்களே சொன்னார்கள். 'வரலாற்றுச் சான்றுகள்' என்ற பாடத்தை அதற்கு முன்பு இவ்வளவு உயிரோடு நான் நடத்தியதில்லை.

கடல் ஏன் எழுந்தது?

அறிவியல் ஆசிரியரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். 50 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலும் அரை மீட்டர்தான். அப்படியானால் ஊரை மூழ்கடித்த நீர் எங்கிருந்து வந்தது? காற்று தள்ளிக்கொண்டு வந்தது.

ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் கீழே இறங்கிச் சுழன்று திரும்பிவிட இடம் உண்டு. பாக் நீரிணையின் பெரும்பகுதியோ 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. அங்கே தள்ளப்படும் நீருக்குக் கீழே போக வழியில்லை. கரையை நோக்கிக் குவிந்து உயர்கிறது. அதன் மேல் அலைகள் ஏறி வருகின்றன. தனுஷ்கோடியோ ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என இரு கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தாழ்வான மணல் திட்டு. ஒரு தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கமிருந்து ஊதச் சொன்னோம். எதிர்ப்பக்க விளிம்பில் நீர் ஏறி வழிந்ததைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

கைகாட்டியும் 11-ஆம் எண் கூண்டும்

இந்தப் பகுதியைத்தான் ஆசிரியர்கள் அவசியம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பழைய ரயில் நிலையங்களில் கைகாட்டி மரங்கள் இருந்தன. அவற்றின் கை படுக்கைவாட்டில் இருந்தால் 'நில்' என்று பொருள். நிலையத்திலிருந்து கம்பியை இழுத்தால்தான் கை சாய்ந்து 'போ' என்று காட்டும். கம்பி அறுந்துவிட்டால்? எதிர் எடை இழுத்து, கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பிவிடும். கருவி பழுதானாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு.

எங்கள் பகுதிக் குழந்தைகளுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு புதிதல்ல. பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது வீட்டில் அன்றாடப் பேச்சு. 1, 2 என்றால் தொலைவில் புயல். 3, 4 என்றால் துறைமுகப் பகுதியில் மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அப்படியானால் 11? "அதைவிடப் பெரிய புயல்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மை அதுவல்ல. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே 11-ஆம் எண்ணின் பொருள்.

அதாவது, செய்தி வரவில்லை என்பதே ஒரு செய்தி. கைகாட்டி சொல்வதும் அதையேதான். கடலுக்குப் போகும் அப்பாவின் கைபேசி எடுக்கவில்லை, வானொலி பாடவில்லை, மின்சாரம் இல்லை என்றால் 'ஒன்றும் இருக்காது' என்று எண்ணாமல் மேட்டுப் பகுதிக்குப் போக வேண்டும். இதைச் சொன்னபோது வகுப்பு மீண்டும் அமைதியாயிற்று. கதை கேட்ட அமைதியல்ல அது. அவர்களில் பாதிப் பேரின் தந்தையர் அன்று கடலில் இருந்தார்கள்.

'பேய் ஊர்' அல்ல

கேள்வி கேட்ட மாணவியின் கொள்ளுப்பாட்டி தனுஷ்கோடியில் பிறந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தோம். பிள்ளைகள் புயலைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தார்கள். அவரோ ரயில் வரும் நேரம் பார்த்து மீன் கூடையோடு அம்மாவுடன் நிலையத்துக்குப் போனதையும், கப்பல் ஏற வந்தவர்களை வேடிக்கை பார்த்ததையும் பேசிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "இப்ப அத பேய் ஊருன்னு சொல்றாகளாமே. நாங்க பொழச்ச ஊருத்தா அது" என்றார்.

நானும் அந்தச் சொல்லை வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பாம்பன் பாலத்தை, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சீரமைத்தார்கள். கடலில் விழுந்த இரும்புத் தூலங்களையே மீட்டுப் பொருத்தினார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் மீண்டும் ஓடியது. 2025 ஏப்ரலில் புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. 2017 முதல் முனைவரை சாலை இருக்கிறது. நிலையத்தின் இடிந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். இன்றும் மீனவக் குடும்பங்கள் அங்கே தொழில் செய்கின்றன.

உங்கள் ஊர் நிலையத்திலும்

தனுஷ்கோடிக்கு வரத்தான் வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள எந்தச் சிறு நிலையமும் போதும். நாங்கள் செய்தவற்றில் எளியவை இவை:

1. நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அருகிலுள்ள சில நிலையங்களின் உயரங்களைத் திரட்டி, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று வரைபடம் வரையச் செய்யலாம்.

2. பாதை எந்த ஆண்டு, எதற்காகப் போடப்பட்டது என்று தேடச் செய்யலாம். பஞ்சா, உப்பா, யாத்திரையா, துறைமுகமா? ஊரின் பொருளாதார வரலாறு அதிலிருந்து விரியும்.

3. நிலையத்தை நம்பி வாழ்ந்த மூத்தவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவர் சொல்வதைப் 'பதிவு, ஊகம், வாய்மொழி' என்று பிரித்துப் பார்க்கலாம். வாய்மொழி தாழ்ந்தது என்ற எண்ணம் மட்டும் வந்துவிடக்கூடாது. மீன் கூடையோடு ரயிலுக்குக் காத்திருந்த சிறுமியை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது.

இந்த ஆண்டும் அதே பாடம் வந்தது. விசில் சத்தத்தை நான் சொல்லவில்லை. அந்த மாணவி கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.