பொன்முடி மண்ணின் வரவு செலவு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறும் நாம் மூடுபனியையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு மகிழ்கிறோம்; அச்செடிகளைத் தாங்கும் மண்ணை எண்ணிப் பார்ப்பது அரிது.

இரு பருவமழைகளும் நனைக்கும் இத்தகைய மலைமண்ணிலிருந்து சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்தோடிவிடுகின்றன. இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. ஆகவே மண் அமிலத்தன்மை கொள்கிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர்தான். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. ஆயினும் அதற்கும் கீழே இறங்கினால் வேர் நலிகிறது.

இவ்விறக்கத்தை இரசாயன உரம் விரைவுபடுத்தக்கூடும். அம்மோனியம் சல்பேட், யூரியா ஆகியவற்றின் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. ஒரே அளவு தழைச்சத்திற்கு, அம்மோனியம் சல்பேட் விளைவிக்கும் அமிலம் யூரியாவினதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. செடி கொள்ளாத நைட்ரேட் மழைநீரோடு சரிவிறங்கி ஓடைகளைச் சேர்கிறது. உரத்திற்குச் செலவிட்ட பணமும் அதனோடு போகிறது.

கவாத்துக் கழிவு, நிழல்மரத் தழை, மக்கிய தொழுவுரம் ஆகியவை இந்த இழப்பைக் குறைக்கின்றன. மக்கிய பொருள் அம்மோனியத்தையும் சாம்பல்சத்தையும் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக வழங்குகிறது. அலுமினியத்தின் நச்சுத்தன்மையையும் தணிக்கிறது. ஆனால் மக்காத தென்னைநார்க் கழிவை இட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும்.

அப்படியாயின் மக்கிய உரம் மட்டும் போதாதா? நூறு கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோ. தொழுவுரத்திலோ அது நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. அதே சத்தைப் பெற ஒன்பது டன்னுக்கு மேல் மலையேற்ற வேண்டும்.

இந்த இடைவெளி எத்தகையது என்பதை இலங்கை கண்டது. 2021 மே மாதம் அந்நாடு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கியது. 2021இல் 30 கோடி கிலோவை நெருங்கிய தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. பொருளாதார நெருக்கடியும் உரவிலையேற்றமும் சேர்ந்துகொண்டன எனினும், உரத் தட்டுப்பாடே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

ஆகவே இரண்டும் வேண்டும். எவ்வளவு என்பதை மண்ணே சொல்ல வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் கார அமில நிலை, கரிமப் பொருள், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உள்ளிட்ட 12 அளவுகளைத் தருகிறது. உரமிடுவதற்கு முன்பே தோட்டத்தின் பல இடங்களிலிருந்து மண் எடுத்துக் கலந்து ஆய்வுக்கு அனுப்புதல் நலம். அமிலம் மிகுந்திருப்பின் டோலமைட் இடுவதும், அம்மோனியம் சல்பேட்டைக் குறைப்பதும் அவ்வறிக்கையைக் கொண்டு முடிவுசெய்யத்தக்கவை. பயிர்க்கடன் பெறும் நம் வாடிக்கையாளர்கள் உரக்கடைக்குச் செல்லுமுன் அந்த அட்டையைக் கையில் வைத்திருப்பார்களாயின், கடன்தொகையில் எவ்வளவு உரத்திற்குத் தேவை என்பது முன்னரே தெளிவாகிவிடும்.