பேட்டரி தீர்ந்தால் குறிப்பும் போச்சு

ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி வருகிறது சந்தாபுரா. இங்கிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகும் பார்வையற்றவருக்குக் கைபேசிதான் டைரி, விலாச நோட்டு, பாடப்புத்தகம். அதிலுள்ளது அழிந்தால், எடுத்து வாசிக்க வேறு காகிதம் கிடையாது.

இது பழைய தலைவலி. அமெரிக்காவின் டீன் பிளேசி 1987ல் கொண்டுவந்த ‘பிரெய்ல் அன் ஸ்பீக்’ கருவி, பிரெய்ல் விசைகளில் தட்டியதைப் பேசிக் காட்டியது. ஆனால் குறிப்புகள் தங்கியதோ பேட்டரியின் தயவில். அது அடியோடு தீர்ந்தால் எல்லாம் காலி. பின்னர் விண்டோஸ் சிஇயில் இயங்கிய ‘பாக் மேட்’டின் ராம் நினைவகத்திலும் இதே ஆபத்து. அலமாரியை அடைத்துக்கொண்ட பிரெய்ல் காகிதத்துக்கு இந்தப் பயம் இருந்ததில்லை.

மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் வந்து பாதிக் கவலையைத் தீர்த்தது. இருபது பிரெய்ல் எழுத்துகளை விரலுக்கு எழுப்பித் தரும் ‘ஆர்பிட் ரீடர் 20’, கோப்புகளை எஸ்டி கார்டில் வைக்கிறது. ஆனால் கார்டு பழுதாகலாம். கைபேசி பஸ்ஸிலேயே பறிபோகலாம்.

பரிகாரம் எளிது. கம்ப்யூட்டரில் ஒரு நகல், இணையச் சேமிப்பில் இன்னொன்று. எடுத்த நகலை உடனே திறந்து, திரைவாசிப்பானின் குரலில் கேட்டுவிட வேண்டும். காதால் கேட்டு உறுதி செய்யாத நகல், எடுக்காத நகலுக்குச் சமம்.