வாழ்க்கையில் ஒரு பிடிப்பு

கிழக்கேகோட்டைப் பகுதியில் காலை நேரத்தில் நடந்து பார்த்தால், நம்மவர்களில் இருவகை முதியவர்களைக் காணலாம். எழுபத்தைந்து வயதிலும் சாலைக் கடைத்தெருவில் தம் கடையைத் திறக்கச் சாவிக்கொத்துடன் விரைபவர் ஒருவர். பிள்ளையுடன் இருப்பதற்காக நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, சன்னல் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் இன்னொருவர். இருவருக்கும் வயது ஒன்று; சர்க்கரையும் இரத்த அழுத்தமும்கூட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால், "இனி எனக்கு என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுபவர் இரண்டாமவர்தான். இந்தப் பெருமூச்சுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. 'வாழ்க்கையில் பிடிப்பு' என்று நாம் சொல்வதை ஜப்பானியர் 'இகிகாய்' என்பர். அந்நாட்டின் ஒசாகி வட்டாரத்தில் 1994-ஆம் ஆண்டு, 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம் "உங்கள் வாழ்வில் இகிகாய் உண்டா?" என்று கேட்டு, அவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அதற்குள் 3,048 பேர் இறந்திருந்தனர். வயது, புகைப்பழக்கம், முன்பே இருந்த நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், 'இல்லை' என்றவர்களுக்கு இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. இதயம், இரத்தக்குழாய் சார்ந்த நோய்களில் இந்த வேறுபாடு தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை. இம்முடிவுகள் 2008-இல் வெளிவந்தன.

இது எப்படி நிகழ்கிறது? நாளைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று எண்ணுபவர் இன்றைய மாத்திரையை மறப்பதில்லை. நடைப்பயிற்சியைத் தள்ளிப் போடுவதில்லை. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வும், குறிக்கோள் உடையவர்களே நோய் வருமுன் பரிசோதனைகளை அதிகம் செய்துகொள்வதாகக் கூறுகிறது. மேலும், ஓயாத மனச்சுமை தூக்கத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிடிப்பு உள்ள மனம் அச்சுமையை ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நோயாளியாக இருப்பதாலேயே பிடிப்பு குறைவதும் உண்டு; எது காரணம், எது விளைவு என்பதை முற்றிலும் பிரித்துவிட முடியாது. 'மனம் நன்றாக இருந்தால் மருந்து வேண்டாம்' என்பது ஆபத்தான பேச்சு. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது அறிவுரையன்று, மருத்துவர்.

நம் கேரளத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 2018-இல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். அடுத்து பத்தாம் வகுப்பு வரை படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2023-இல் 101 வயதில் மறைந்தார். படித்ததால்தான் அத்தனை காலம் வாழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மறுநாள் புத்தகத்தைத் திறக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்கள்" என்று பெற்றோரிடம் அன்பாகத்தான் சொல்கிறோம். ஒரு குடும்பத்தையே கட்டி ஆண்ட அம்மாவுக்கு, ஊரையும் உறவையும் விட்டு வந்த இடத்தில், அடுப்படியும் இல்லை. அக்கம்பக்கத்தில் பேச மலையாளமும் வருவதில்லை. அந்த ஓய்வே அவரை வாட்டுகிறது.

அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுத்தால் போதாது. அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுபோக வேண்டும். அப்படி ஒரு வேலை நம் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் குழந்தைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும். எழுதப் படிக்க வராது. மாலையில் அரை மணி நேரம் பேரனும் பேத்தியும் சிலேட்டுடன் தாத்தா பாட்டியின் முன் அமரட்டும்.

குழந்தைக்கு மொழி கிடைக்கும். "இன்றைக்கு 'ழ' சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்று எழுந்திருக்கப் பெரியவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.